சூரிபாபு வரவழைத்த மாப்பிள்ளை

கூரியர் வண்டி வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கும் சத்தம் கேட்டாலே சூரிபாபுவுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். அந்த வண்டி அவன் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். சும்மா தாண்டிப் போனாலும் பரவாயில்லை. அவன் கடை வாசலுக்கு வந்ததும் வேகத்தைக் குறைக்கும். குறைத்து, மனிதனுக்குள் ஒரு நப்பாசையைக் கிளப்பிவிட்டு, பக்கத்துக் கடையில் போய் நிற்கும்.

பக்கத்துக் கடை ஏடுகொண்டலுவுடையது. யாரோ எவரோ என்றால் நாலு வசவு வைதுவிட்டு வேலையைப் பார்க்கலாம். இவர் சூரிபாபுவின் சொந்தச் சகலை.

மாமனார் வீரபத்ரய்யாவுக்கு இரண்டு பெண்கள், ஒரே ஒரு பூத்தரேக்குலு மிட்டாய்க் கடை. ஆண் பிள்ளை இல்லாததால் இரண்டு மாப்பிள்ளைகளையும் வீட்டோடு வைத்துக்கொண்டார். மூத்தவளைக் கட்டியவர் ஏடுகொண்டலு, இளையவள் மங்காயம்மாவைக் கட்டியவன் சூரிபாபு. மாமனார் இருந்தவரைக்கும் எதற்கெடுத்தாலும் "பெரிய மாப்பிள்ளையக் கேளு" என்பார். பெரிய மாப்பிள்ளை சுற்றினால் சுருள் உடையாது, பெரிய மாப்பிள்ளை சிரித்தால் வாடிக்கையாளர் போகமாட்டார். சூரிபாபு அதையெல்லாம் விழுங்கிக்கொண்டு இருபத்தைந்து வருஷம் ஓட்டினான். மாமனார் போன பிறகு கடைக்கு நடுவில் ஒரு தகரமும், பின்னாலிருந்த வீட்டுக்கு நடுவில் ஒரு சுவரும் எழும்பின. சுவரில் ஒரு சின்னக் கதவு மட்டும் பெண்களுக்காக விட்டு வைத்திருந்தார்கள். அதன் வழியாக அக்காவும் தங்கையும் போவார்கள், வருவார்கள். சூரிபாபு அதில் கால் வைத்ததில்லை.

சரக்கில் ஏதாவது வித்தியாசம் உண்டா? ஒரு மண்ணும் கிடையாது. காகிதத்தை விட மெல்லிசான அரிசித் தகடு, அதற்குள் நெய், வெல்லப்பொடி, முந்திரி. இரண்டு கடைக்கும் பானையைக் கவிழ்த்துப் போட்டுத் தகடு எடுத்துக் கொடுப்பது ஒரே சத்யவேணி. நெய்யும் ஒரே பால்பண்ணை. அப்புறம் ஐதராபாத்காரனும் அமெரிக்காக்காரனும் எதற்கு அவரிடமே போய் விழுகிறார்கள்?

எல்லாம் அந்தப் போன் செய்கிற வேலை. ராஜமுந்திரியில் யாரோ சிறு வியாபாரிகளுக்கு வகுப்பு எடுத்தார்களாம், ஏடுகொண்டலு போய் உட்கார்ந்து ஏஐ என்று ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டார். போனிடம் வாயால் சொன்னால் போதும், விளம்பரம் எழுதும், படம் போடும், பேசும். தசராவுக்கு அவர் ஒரு வீடியோ விட்டார். பானையிலிருந்து தகடு எழும்பி, கோதாவரி மேலே பறந்து போய், ஒரு குழந்தையின் கையில் விழுகிறது. பின்னால் கணீரென்று ஒரு குரல். இந்த ஊரில் எந்தத் தகடு பறந்தது? விசிறியைப் போட்டாலே நொறுங்கித் தொலையும். ஆனால் ஜனங்கள் நம்பினார்கள். வாங்கினார்கள்.

அதிலிருந்து அவருக்குப் பேச்சே மாறிவிட்டது. தகரத்துக்கு மேலே தலையை நீட்டி, "சூரி, சங்கராந்திக்கு என்ன பிளான்?" என்பார்.

"என்ன அண்ணய்யா பிளான், வழக்கம்போலதான்."

"அப்படிச் சொல்லாதப்பா. இரு, என் மேனேஜரக் கேட்டுட்டு உனக்கும் ரெண்டு வார்த்தை சொல்றேன்." மேனேஜர் என்பது போன். போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் தலையாட்டுகிற அழகைப் பார்த்தால் சூரிபாபுவுக்கு அப்படியே எடுத்து வாய்க்காலில் எறிய வேண்டும் போலிருக்கும். போனையா, சகலையையா என்பதில்தான் குழப்பம்.

கடைசியில் அவனும் அதே சமாசாரத்தைத் தன் போனில் ஏற்றிக்கொண்டான். அவர் மேனேஜர் என்றால் இவன் குமாஸ்தா என்று பெயர் வைத்தான். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து முதல் கட்டளையைப் போட்டான்.

"பக்கத்துக் கடைய விட எங்க கடைதான் நல்ல கடைன்னு ஒரு விளம்பரம் எழுது. அவரு டூப்புன்னு படிக்கிறவங்களுக்குப் புரியணும்."

குமாஸ்தா வானொலிக்காரர் மாதிரி மரியாதையாகப் பேசியது. "அடுத்தவரைக் குறை சொல்வதை விட, உங்கள் கடையின் தனிச்சிறப்பைச் சொன்னால் நன்றாக இருக்கும். அவரிடம் இல்லாதது, உங்களிடம் மட்டும் இருப்பது என்ன என்று சொல்லுங்கள்."

சூரிபாபு யோசித்தான். தகடு? அதே சத்யவேணி. நெய்? அதே பண்ணை. கைப்பக்குவம்? அதே மாமனார். கடைப் பெயரில்கூட அதே வீரபத்ரய்யா. இரண்டு நாள் யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை. இந்த உலகத்தில் ஏடுகொண்டலுவிடம் இல்லாத ஒன்றுகூடத் தன்னிடம் இல்லையா என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏங்க," என்றாள் மங்காயம்மா, அவன் போனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து. "முதல் சங்கராந்தி. மாப்பிள்ளை வரப்போறாரு. சாமான் லிஸ்ட் போடணும், அக்கம்பக்கத்துல பொம்பளைங்களக் கூப்பிடணும். நீங்க அந்தச் சனியனோட குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கீங்க."

சூரிபாபு துள்ளி எழுந்தான். மாப்பிள்ளை! ஏடுகொண்டலுவுக்கு இரண்டும் பையன்கள். தலைகீழாக நின்றாலும் அவர் வீட்டுக்குப் புது மாப்பிள்ளை வரமுடியாது. சூரிபாபுவின் ஒரே பெண் ஹாரிகாவுக்கோ ஆவணியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. எங்கள் பக்கம் புது மாப்பிள்ளை முதல் சங்கராந்திக்கு வந்தால் சும்மா விடமாட்டோம். இலையைச் சுற்றி நூறு, இருநூறு என்று பதார்த்தங்களை அடுக்கி, அவர் திணறுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டால்தான் எங்களுக்குப் பண்டிகை.

"புது மாப்பிள்ளை விருந்துப் பெட்டி!" என்று கத்தினான். "எல்லா இனிப்பும் ஒரே பெட்டியில. மாப்பிள்ளை இருக்கற வீட்டுக்கெல்லாம் அனுப்பலாம். அண்ணய்யாவால முடியுமா? முடியாதே!"

விருந்து நாளில் படம் எடுத்துப் போட்டால் அதற்குள் பண்டிகையே முடிந்துவிடும். முன்னாலேயே படம் வேண்டும். கல்யாணப் போட்டோ ஒன்றைக் குமாஸ்தாவிடம் கொடுத்து, "இதுல இருக்கற என் பொண்ணையும் மாப்பிள்ளையையும் வாழை இலை முன்னால உக்கார வை. சுத்தி முந்நூறு பதார்த்தம் இருக்கணும்" என்றான்.

கண் மூடித் திறப்பதற்குள் படம் வந்துவிட்டது. அச்சு அசலாக வந்தது. ஹாரிகா பட்டுப்புடவையில் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை வினீல். முன்நெற்றியில் ஏறிப்போன முடி, தடித்த கண்ணாடி, கொஞ்சம் கூனின தோள், சிரித்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இரண்டு பல். பாலக்கொல்லு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறான். தங்கமான பையன். எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளை ஒரு கட்டத்தில் முறுக்கிக்கொண்டு உட்கார வேண்டும், மாமனார் என்ன வேண்டும் என்று கெஞ்ச வேண்டும். வினீலுக்கு முறுக்கிக்கொள்ளவே தெரியவில்லை. சிரித்துவிட்டான். "எனக்கு ஒண்ணும் வேணாம் மாமய்யா, பசிக்குது" என்றான். அன்றைக்கு சூரிபாபு அவனைக் கட்டிக்கொண்டான்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் கதையே வேறு.

ஆனால் அந்தப் படத்தை அவன் தன் கண்ணால் பார்க்கவில்லை. தகரத்துக்கு மேலே நீண்டிருக்கும் சகலையின் கண்ணால் பார்த்தான். "என்ன சூரி, மாப்பிள்ளைக்கு இப்பவே நெத்தி ஏறிடுச்சு?" என்று ஏடுகொண்டலு கேட்பது காதிலேயே விழுந்தது.

"முடி கொஞ்சம் வை," என்றான் குமாஸ்தாவிடம்.

முடி வந்தது. நன்றாகத்தான் இருந்தது. "கண்ணாடிய எடுத்துடு." எடுத்தது. "தோள நிமித்து. நல்லா அகலமா." நிமிர்த்தியது. "பல்லு வரிசையா இருக்கட்டும். கலரு ஒரு சுத்து கூட்டு. உக்காந்திருந்தாலும் உசரமான ஆளுன்னு தெரியணும்."

ஒவ்வொன்றுக்கும் "இதோ, நீங்கள் கேட்டபடி" என்று மரியாதையாகக் கொடுத்தது. கடைசியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தால், அப்படியே குதிரையிலிருந்து இறங்கி வந்த ராஜகுமாரன். சூரிபாபு மெய்மறந்து போனான்.

மங்காயம்மாவிடம் காட்டினான். அவள் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், கிட்டே வைத்தும் பார்த்தாள்.

"யாருங்க இது?"

"நம்ம மாப்பிள்ளைதான்."

"நம்ம மாப்பிள்ளையா? எனக்குத் தெரியாம இவருக்கு எப்பப் பொண்ணு குடுத்தீங்க?"

"அடியே, இது வியாபாரம். விளம்பரத்துல எல்லாம் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும்."

"தூக்கலா இருந்தா சரி. ஆளையே தூக்கிட்டீங்களே. அந்தக் கண்ணாடியாவது திருப்பி மாட்டுங்க. பாதி ஆளாவது நம்ம பையன் மாதிரி தெரியும்."

அவன் மாட்டவில்லை. "எங்கள் வீட்டு மாப்பிள்ளை, எங்கள் வீட்டு விருந்து. இதோ உங்கள் வீட்டுக்கும்" என்று குமாஸ்தா எழுதிக் கொடுத்த வாசகத்தோடு படத்தைப் போட்டுவிட்டான்.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. "மாமா, இன்னொரு பொண்ணு இருந்தா சொல்லுங்க" என்று பையன்கள் எழுதினார்கள். "பெட்டியோட மாப்பிள்ளையும் வருமா?" என்று பெண்கள் எழுதினார்கள். கூரியர் வண்டி பாலத்தில் ஏறி இறங்கி, வேகத்தைக் குறைத்து, சூரிபாபுவின் வாசலிலேயே நின்றது. பெட்டிகளை ஏற்றும்போது அவன் வேண்டுமென்றே சத்தம் போட்டு ஏற்றினான்.

தகரத்துக்கு மேலே தலை நீண்டது.

"சூரி, மாப்பிள்ளை ஜோரா இருக்காரே. கல்யாணத்துல பாத்தப்ப வேற மாதிரி இருந்தாரு."

"ஜிம்முக்குப் போறாராம் அண்ணய்யா."

"கண்ணாடி?"

"லேசர்ல சரி பண்ணிட்டாங்க."

ஏடுகொண்டலு தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த முகம் விழுந்ததைப் பார்த்தானே, அதுதான் சூரிபாபுவுக்குச் சங்கராந்தி. அன்றைக்கு அவன் இரண்டு தடவை குளித்தான், பாட்டுப் பாடிக்கொண்டே.

மறுநாள் பாலக்கொல்லுவிலிருந்து சம்பந்தியம்மாவின் போன் வந்தது. எங்கள் கோதாவரிக்காரர்கள் கோபம் ஏற ஏற மரியாதையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அந்தம்மாவின் குரலில் தேனே சொட்டியது.

"அண்ணய்யகாரு, சௌக்கியங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியங்களா? உங்க மாப்பிள்ளைகாரும் சௌக்கியங்களா?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க, மாப்பிள்ளை உங்க வீட்லதான..."

"எங்க வீட்ல இருக்கறது என் புள்ளைங்க. நான் கேக்கறது உங்க வீட்டு விருந்துல உக்காந்திருக்காரே, அவரங்க. நல்ல லட்சணமா இருக்காருங்க. எங்க தெருவுல எல்லாரும் வந்து பாத்துட்டுப் போனாங்க. 'இது உங்க மருமகதான, பக்கத்துல இருக்கறது யாரு'ன்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியலீங்க. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, நான் போய்ச் சொல்லிடறேன்."

அதற்குள் போன் கை மாறியது. ஹாரிகாவின் குரல்.

"அப்பா, என்னை யார் பக்கத்துல உக்கார வெச்சிருக்கீங்க?"

"அது வந்தும்மா... அந்த மெஷின் பண்ணின தப்பு. நான் நம்ம மாப்பிள்ளையத்தான் போடச் சொன்னேன். அது ஏதோ குளறிடுச்சு."

"மெஷினா?"

"ஆமாம்மா. சத்தியமா."

அவள் வைத்துவிட்டாள். மங்காயம்மா எதிரில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "சத்தியம் வேற பண்ணியாச்சா?" என்றாள். "மாப்பிள்ளை மட்டும் பண்டிகைக்கு வரலைன்னா பாருங்க. கட்டின முதல் வருஷமே புருஷன் அவ அப்பன் வீட்டு வாசப்படி ஏறலைன்னு என் பொண்ணு ஆயுசுக்கும் பேச்சுக் கேக்கணும். உங்க சகலை கடையும் உங்க கடையும் அப்புறம் எப்படிப் போனா எனக்கென்ன?"

அடுத்த பஸ்ஸிலேயே சூரிபாபு வேட்டி சட்டை, பழம், பூ எல்லாம் எடுத்துக்கொண்டு பாலக்கொல்லு போனான். முறைப்படி அழைத்தான். வினீல் எழுந்து நின்று வாங்கிக்கொண்டான். மெஷின் பண்ணின தப்பு என்று அங்கேயும் சொன்னான் சூரிபாபு. வினீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டான்.

"சரி மாமய்யா. வரேன்."

அவ்வளவுதான் சொன்னான். கோபித்துக் கத்தியிருந்தால் காலில் விழுந்தாவது சமாதானப்படுத்தலாம். இதை எங்கே பிடிப்பது? சம்பந்தியம்மாதான் வாசல்வரை வந்து வழியனுப்பினாள். "பண்டிகைக்கு அனுப்பி வெக்கறேங்க. அங்க யாராவது இது யாருன்னு கேட்டா பதில் மட்டும் யோசிச்சு வெச்சுக்கங்க."

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தான். கடைக்கு வந்தால் வாசலில் கூரியர் வண்டி நிற்கிறது. தகரத்துக்கு அந்தப் பக்கம் ஏடுகொண்டலு தன் மேனேஜரிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். "அவன் பக்கம் போறதெல்லாம் எப்படி நம்ம பக்கம் வரும், அதச் சொல்லு முதல்ல!" அதைக் கேட்ட பிறகு எந்த மனிதனுக்குப் படத்தை எடுக்க மனசு வரும்? பண்டிகை முடியட்டும் என்று விட்டுவிட்டான்.

சங்கராந்தி அன்று வீடு கல்யாண வீடாக இருந்தது. உறவுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து போகி முடிந்த கையோடு அடுப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். அதிரசம், போளி, உளுந்து லட்டு, வடை வகைகள், புளியோதரை, பூசணிப் புளுசுக் குழம்பு, புளிச்சக்கீரைத் துவையல் என்று கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் கிண்ணங்களை அடுக்கினார்கள். நடுவில் இரண்டு பெரிய வாழை இலைகள். எங்கிருந்தோ சேவல் சண்டைக் கூச்சல் காற்றில் வந்துகொண்டிருந்தது.

வாசலில் வேறு கூட்டம். படத்தைப் பார்த்தவர்கள், நிஜ மாப்பிள்ளையையும் நிஜ விருந்தையும் படம் பிடிக்கப் போனும் கையுமாக வந்திருந்தார்கள். ராவுலபாலத்திலிருந்து ஒருவன் பெரிய கேமராவோடு வந்து நின்றான். சூரிபாபு அவர்களை வரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. ஏடுகொண்டலு குடும்பத்துப் பெரியவர் என்ற முறையில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு சுவர் ஓரமாக வந்து நின்றார். அவர் பார்க்கட்டும் என்றே சூரிபாபு கேமராக்காரனுக்கு மோர் கொடுத்தான்.

ஆட்டோ வந்தது. ஹாரிகாவும் வினீலும் இறங்கினார்கள். மங்காயம்மா கால் கழுவச் சொம்பில் தண்ணீரோடு ஓடினாள். வினீல் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்படியில் கால் வைக்கப் போனான்.

"தம்பி, தம்பி, கொஞ்சம் ஓரமா," என்றான் கேமராக்காரன். "மாப்பிள்ளை வர்ற வழி."

வினீல் நின்றான். கூட்டத்தில் இன்னொருவன், "பைய உள்ள வெச்சுட்டு வந்துடுங்க டிரைவர்காரு, பிரேம்ல வருது" என்றான்.

இது என் மாப்பிள்ளை என்று சொல்ல ஒரு நொடி போதும். சூரிபாபு வாயைத் திறந்தான். கேமரா அவன் பக்கம் திரும்பியது. சுவர் ஓரத்தில் சகலை பார்த்துக்கொண்டிருந்தார். ஜிம், லேசர் என்று அவரிடம் அளந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"அடேய், கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று குரல் கிளம்பியது. ஏடுகொண்டலு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வினீலின் கையிலிருந்து பையை வாங்கினார். "இவருதாண்டா எங்க வீட்டு மாப்பிள்ளை! தள்ளுங்கடா எல்லாரும்!"

கூட்டம் வழிவிட்டது. வினீல் ஏடுகொண்டலுவைப் பார்த்தான். பிறகு சூரிபாபுவைப் பார்த்தான். அவன் குரலை உயர்த்தவே இல்லை.

"மாமய்யா, மெஷின் தப்புன்னு சொன்னீங்க. அதே கல்யாணப் போட்டோவ நானும் அதே மெஷின்ல போட்டுப் பாத்தேன். நான்தான் வந்தேன். முடி, பல்லு எல்லாம் அப்படியே வந்துச்சு."

வினீல் ஏடுகொண்டலுவின் பக்கம் திரும்பினான்.

"பெரிய மாமய்யா," என்றான் வினீல், "உங்க வீட்ல சமையல் ஆச்சா?"

ஏடுகொண்டலு பதறிப்போனார். "எங்க வீட்லயா? ஐயோ, பருப்பும் புளியோதரையும்தான் பாபு இருக்கு. இங்க உங்களுக்குன்னு இவ்வளவு..."

"பருப்பு போதும். இங்க என் இலையில வேற ஒருத்தர் உக்காந்திருக்காரு. அங்க அந்தத் தொந்தரவு இல்ல."

சுவரிலிருந்த சின்னக் கதவு வழியாக அவன் போனான். ஹாரிகா அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனாள். கால் கழுவக் கொண்டுவந்த சொம்போடு மங்காயம்மாவும் போனாள். "உங்க முந்நூறு பதார்த்தத்தையும் நீங்களே உக்காந்து தின்னுங்க" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனாள். உறவுப் பெண்களும் அவள் பின்னாலேயே நழுவினார்கள்.

கூடத்தில் இரண்டு காலி இலை. கேமராக்காரன் தலையைச் சொறிந்துகொண்டு கிட்டே வந்தான்.

"அதுக்கென்னங்க, விடுங்க. வேட்டி கட்டின பையன் யாரையாவது உக்கார வெச்சு எடுத்துடலாம். மொகம் அப்புறமா ஒட்டிக்கலாம். இப்பதான் எல்லாத்துக்கும் வழி இருக்கே."

சூரிபாபுவுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஒட்டறதா? மனுசன் மொகம் என்ன போஸ்டராடா ஒட்டறதுக்கு? கிளம்பு! வெளிய போங்க எல்லாரும்! போறீங்களா, பண்டிகையும் அதுவுமா கழியத் தூக்கட்டுமா?"

அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அவன் போனை எடுத்துக் குமாஸ்தாவிடம் படத்தை எடுக்கச் சொன்னான்.

"இந்தப் பதிவுக்கு மிக நல்ல வரவேற்பு இருக்கிறது. நிச்சயமாக நீக்க வேண்டுமா?"

"நீக்குடா சாமி."

நீக்கிவிட்டது. வீடு ஓவென்று கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இலை போடுகிற சத்தம், பாத்திரச் சத்தம். அப்புறம் ஒரு சிரிப்பு. வினீல் சிரிக்கிறான். ஏடுகொண்டலு ஏதோ சொல்ல, மறுபடி சிரிக்கிறான். சூரிபாபுவின் வயிற்றில் அந்தப் பழைய நெருப்பு குபுகுபுவென்று எழும்பியது. கூரியர் வண்டிக்கு எரிந்ததெல்லாம் ஒரு எரிச்சலே இல்லை. இதுதான் எரிச்சல். என் மாப்பிள்ளை, என் வீட்டு விருந்துக்கு வந்தவன், அவர் போட்ட பருப்பைத் தின்றுவிட்டு அவரோடு சிரிக்கிறான்.

கையில் அகப்பட்ட பூத்தரேக்குலு தட்டை எடுத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் கதவைக் குனிந்து தாண்டினான்.

ஏடுகொண்டலு வினீலின் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு கையால் விசிறிக்கொண்டே மறுகையால் பரிமாறிக்கொண்டிருந்தார். சூரிபாபுவைக் கண்டும் யாரும் வா என்று சொல்லவில்லை.

"பாபு," என்றான் சூரிபாபு. "முதல்ல படத்துல நீங்கதான் வந்தீங்க. மெஷின் ஒண்ணும் பண்ணல. நான்தான் ஒண்ணொண்ணா அழிக்கச் சொன்னேன்."

"எதுக்கு மாமய்யா? நான் அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

"இல்ல பாபு, இல்ல. எனக்கு நீங்க நல்லாத்தான் இருந்தீங்க." சகலையைக் கையால் காட்டினான். "இவரு பாத்து வயிறெரியணும்னு."

ஏடுகொண்டலுவின் கையிலிருந்த விசிறி நின்றுவிட்டது. "பைத்தியக்காரா," என்றார். "இதுக்கு ஒரு படம் வேணுமாடா? கல்யாணத்தன்னிக்கு இவரு 'பசிக்குது மாமய்யா'ன்னு உன்கிட்ட கேட்டாரு பாரு, அன்னிலேருந்தே எனக்கு எரியுது. எனக்கு யாரு இருக்காங்க அப்படிக் கேக்க? கடைய வெச்சு நான் என்ன ஆட்டம் ஆடினாலும், என் வீட்டு இலையில ஒரு மாப்பிள்ளை உக்காரப்போறதில்லைன்னு அழுதுக்கிட்டுதான்டா இருந்தேன். இன்னிக்கு உன் புண்ணியத்துல உக்காந்தாரு. கொஞ்ச நேரம் சும்மா இரு, நான் போட்டுக்கறேன்."

சொல்லிவிட்டுப் பருப்புக் கரண்டியை மறுபடி எடுத்தார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

சூரிபாபுவுக்கு, இந்த மனுஷனைப் பார்த்தா இத்தனை வருஷம் எரிந்தோம் என்று தோன்றியது. பாவம் என்றும் தோன்றியது. ஆனால் அந்தக் கரண்டி வினீலின் இலைப் பக்கம் போவதைப் பார்த்ததும் பாவமெல்லாம் பறந்துவிட்டது. சடாரென்று குந்தி உட்கார்ந்து, சகலையின் தோளைத் தன் தோளால் இடித்தான்.

"தள்ளுங்க அண்ணய்யா. போதும் நீங்க போட்டது. இவரு என் மாப்பிள்ளை."

"அட, இருடா, பருப்பு..."

"தள்ளுங்கன்னா தள்ளுங்க."

ஹாரிகா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். வினீல் நிமிரவில்லை, சிரிக்கவும் இல்லை. கண்ணாடியை மட்டும் மூக்கின் மேல் தள்ளிவிட்டுக்கொண்டான். சூரிபாபு தட்டிலிருந்து ஒரு பூத்தரேக்குலுவை எடுத்து, அவசரமாக இலையின் மேலே கொண்டுபோனான். தகடு உடைந்து தூள் தூளாக உதிர்ந்தது. வேண்டாமென்று வினீல் இலைக்குக் குறுக்கே கை வைக்கவில்லை.